கட்டைவிரல் பள்ளம்

அத்தியாயம் 9

போன வாரம் டெனிஸை நாம் விட்டுவிட்டு வந்தது அவளுடைய தங்கை வீட்டுக் குளியலறையில். மருந்து அலமாரியைத் திறந்து, தங்கையின் புட்டியிலிருந்து இரண்டு மாத்திரைகளை எடுத்து, டிஷ்யூ தாளில் சுற்றிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி குழாயைத் திறந்து மூடிவிட்டு வெளியே வந்தாளே, அங்கே.

டெனிஸ் திருடியா என்று கேட்காதீர்கள். யங்ஸ்டவுனில் பிறந்து வளர்ந்து, ஐம்பத்து மூன்று வயதுவரை மளிகைக் கடையில் ஒரு திராட்சையைக்கூட ருசி பார்த்து அறியாதவள். ஆனால் வயிற்றெரிச்சல் வந்துவிட்டால் கை யார் சொல்லையும் கேட்பதில்லை.

எரிச்சலுக்குக் காரணம் மோனா. போன கோடைகாலம் வரை அக்காவும் தங்கையும் ஒரே அளவு. குடும்பப் படங்களில் இருவரும் கடைசி வரிசையில், யாராவது ஒல்லியான சித்தப்பாவை முன்னால் நிறுத்திவிட்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். இப்போது மோனா முன் வரிசையில் நிற்கிறாள். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை. ஒரே வருஷம்.

டெனிஸும் அதே டாக்டரிடம் போனாள்.

"வேணாம்னு சொல்லல டெனிஸ். இப்ப வேணாம்னு சொல்றேன்," என்றார் டாக்டர் ப்ரூவர். "இந்த மாத்திரை பசியை அடக்கும், நிஜம். கொஞ்சம் எடை குறைஞ்சாலே சர்க்கரை இறங்கும், முட்டி வலி குறையும், தூக்கத்துல மூச்சு சீரா வரும். ஆனா இதயத்தை வேகமா ஓடவும் விடும். உங்க பிரஷர் ஏற்கெனவே கூரை மேல ஏறி உக்காந்திருக்கு. முதல்ல அதை இறக்குவோம். அப்புறம் எந்த மருந்து உங்களுக்குச் சரியா வரும்னு பேசுவோம்."

"என் தங்கைக்கு மட்டும் குடுத்தீங்களே?"

"உங்க தங்கை உடம்பு வேறம்மா."

டாக்டர் சொன்ன அத்தனையிலும் அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும்தான் டெனிஸ் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

இன்று சனிக்கிழமை. புனித மார்த்தா தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் டெஸ்ஸாவுக்குப் பரிசு விருந்து, கல்யாணப் பெண்ணுக்குப் பெண்கள் கூடி நடத்துவது. டெஸ்ஸா, டெனிஸின் ஒரே மகள், அக்டோபரில் கல்யாணம். அதற்காக டெனிஸ் வாங்கி வைத்திருக்கும் கத்தரிப்பூ நிற உடுப்பு, முதுகுப்பக்கம் ஜிப் ஏறாமல் அலமாரியில் தொங்குகிறது. கடைக்காரி, "கல்யாணத்துக்குள்ள சரியாயிடும்" என்று சொல்லித்தான் விற்றாள். கடைக்காரிக்கு என்ன, சொல்லிவிட்டாள்.

"முட்டை ஆறிப்போகுது," என்றான் ரே. டெனிஸின் கணவன். சாப்பாட்டு மேசையைத் தவிர வேறெதிலும் அவசரம் காட்டாத மனுஷன்.

"ரே, ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்லுவியா?"

ரே ரொட்டியைக் கீழே வைத்தான். முப்பது வருஷத்துக் குடும்பஸ்தனுக்கு ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாதா?

"மோனா இப்ப அழகா இருக்காளா?"

"யாரு, மோனாவா? பேயறைஞ்ச மாதிரி இருக்கா."

"ஈஸ்டர் அன்னிக்கு, 'மோனா, அசத்தறே'ன்னு நீதானே சொன்ன? என் காதுல விழுந்துச்சு."

"அது ஒரு மரியாதைக்கு."

"எனக்கு எப்ப அந்த மரியாதை கிடைக்கும்?"

ரே முட்டையைப் பார்த்தான். முட்டை உதவவில்லை.

காரில் போகும்போது டெனிஸ் மனசுக்குள் தராசைத் தூக்கினாள். ஒரு தட்டில் உடுப்பு, முட்டி, மாடிப்படி, படத்தில் முன் வரிசை. இன்னொரு தட்டில் டாக்டர் ப்ரூவரின் முகம், கூரை மேல் உட்கார்ந்திருக்கும் பிரஷர், அறுபதைத் தொடாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன அப்பா. தராசு நியாயமாகத்தான் நின்றது. ஆனால் முதல் தட்டில் மோனாவும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் எந்தத் தராசு நேராக நிற்கும்?

*

கூடத்தில் ஜாய்ஸின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஜாய்ஸ், இறந்துபோன அம்மாவின் தோழி. கல்யாணமோ பரிசு விருந்தோ, புனித மார்த்தாவில் குக்கீ மேசை போடுவது அவள் பொறுப்பு. யங்ஸ்டவுன்காரர்களுக்குக் கல்யாண கேக் இல்லாவிட்டாலும் கல்யாணம் நடந்துவிடும். குக்கீ மேசை இல்லாவிட்டால் ஊர் முழுக்கப் பேசும். அத்தைகளும் சித்திகளும் அண்டை வீட்டாரும் வாரக்கணக்கில் சுட்டு, பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து அடுக்குவார்கள். ஒரே ஒரு சட்டம்தான். எல்லாம் சொந்தக் கையால் சுட்டதாக இருக்க வேண்டும்.

ஒரு தடவை யாரோ ஒருத்தியின் நாத்தனார் கடையில் வாங்கியதைத் தட்டில் மாற்றி வைத்துவிட்டாள். அவள் ஊரைவிட்டுப் போய், அவள் பிள்ளைகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. இன்னமும் அவளுக்கு 'கடைப்பெட்டிக்காரி' என்றுதான் பெயர்.

"வா டெனிஸ். உன் வால்நட் ரோல் அந்தப் பக்கம். நடுவுல இடம் விட்டு வெச்சிருக்கேன், மோனாவோட கொலாச்சிக்கு," என்றாள் ஜாய்ஸ்.

நடுவில். டெனிஸ் தன் ரோலை ஓரத்தில் வைத்தாள். கொலாச்சி என்பது சதுரமாக வெட்டிய மாவில் ஆப்ரிகாட் விழுதை வைத்து, இரண்டு மூலைகளை எடுத்து மடித்துச் சுடுவது. அம்மாவின் கைப்பக்குவம். அம்மா போனபின் அது மோனாவின் சொத்தாகிவிட்டது. மோனாவுக்கு விரல் அப்படி. டெனிஸ் வால்நட் ரோலோடு நிறுத்திக்கொண்டாள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மோனா வந்துவிட்டாள். வெள்ளைப் பெட்டிகளை மார்போடு அணைத்துக்கொண்டு, வெள்ளைக் கால்சட்டையில்! ஆப்ரிகாட்டும் சாக்லேட்டும் சிந்தும் இடத்துக்கு வெள்ளைக் கால்சட்டை போட்டு வர எவ்வளவு தைரியம் வேண்டும்!

"அடி ஆத்தி, காத்துல பறந்துடாதேடி," என்றாள் ஜாய்ஸ். பெண்கள் எல்லோரும் மோனாவை மொய்த்துக்கொண்டார்கள்.

"மாத்திரை பேரு என்ன மோனா? எழுதிக் குடேன்."

"பேரெல்லாம் வேணாம். டாக்டர்கிட்டப் போ."

"என் நாத்தனார் போட்டா. சர்க்கரை அப்படியே இறங்கிடுச்சு. ரெண்டு மருந்தை நிறுத்திட்டாங்களாம்."

"எங்க பக்கத்து வீட்டுக்காரியும்தான் போட்டா. நிறுத்தின மறு வருஷமே போன எடை பூரா சொந்தக்காரங்களையும் கூட்டிட்டுத் திரும்பி வந்துச்சு!"

"தலைமுடி கொட்டுமாமே?"

"கொட்டினா என்ன? இடுப்பு வருதுல்ல? தொப்பி போட்டுக்கலாம்."

சிரிப்பு கூடத்தின் கூரையைத் தொட்டது. மோனாவும் சிரித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டாள்.

டெனிஸின் கண் அந்தக் காலிலேயே நின்றது. கால் மேல் கால் போட்டு உட்கார்வது இருவருக்கும் எட்டாத விஷயம். பள்ளியில் மற்ற பெண்கள் உட்கார்வதைப் பார்த்து, "கால்ல என்னடி முடிச்சுப் போடறாளுக" என்று சேர்ந்து கேலி செய்தவர்கள். இப்போது ஒருத்தி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி மட்டும் மடக்கு நாற்காலி முனகாமல் உட்கார்வது எப்படி என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

ஒல்லியாகப் போனதைக்கூட டெனிஸ் மன்னித்துவிடுவாள். தன்னிடம் சொல்லாமல் போனதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

"டென்னி, அதை எடேன்," என்று கையை நீட்டினாள் மோனா.

"எதை?"

"அதான்... அந்த... முன்னாடி கட்டிப்போமே."

"ஏப்ரனா?"

"ஆங், அதான்."

வார்த்தைகூட இனி நாமே எடுத்துக் கொடுக்க வேண்டுமாக்கும் என்று நினைத்துக்கொண்டு டெனிஸ் ஏப்ரனை வீசினாள். மோனா கட்டிக்கொண்டபோது நாடா இரண்டு சுற்று வந்தது. டெனிஸுக்கு அது முடிச்சுப் போடவே எட்டாது.

ஜாய்ஸ் பெட்டியைத் திறந்து கொலாச்சியை அடுக்கத் தொடங்கினாள். "இந்தத் தடவை எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க. எல்லாம் ஒரே அளவு! உங்கம்மாகூட இப்படிச் செஞ்சதில்ல மோனா."

மோனா கன்னம் சிவக்க, பஞ்ச் பழரசக் கோப்பையை வாயருகே கொண்டுபோய், குடிக்காமலே கீழே வைத்தாள்.

விருந்தாளிகள் வர ஆரம்பித்தார்கள். கோழி வறுவலும் ரிகடோனி பாஸ்தாவும் மூடி போட்ட தட்டுகளில் ஆவி விட்டன. மாப்பிள்ளையின் அம்மா மிசஸ் வின்ஸ்லோ கனெக்டிகட்டிலிருந்து விமானத்தில் வந்திருந்தாள். இதுவரை ஃபோனில் பேசியதோடு சரி, நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முத்து மாலை, மெல்லிய குரல். குக்கீ மேசையைப் பார்த்து வாயடைத்துப் போய் நின்றாள்.

அவளை வரவேற்க டெனிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். மடக்கு நாற்காலிகளுக்கு நடுவே பக்கவாட்டில் திரும்பித்தான் வர முடிந்தது. வந்து சேர்வதற்குள் மிசஸ் வின்ஸ்லோ, டெஸ்ஸாவின் பக்கத்தில் நின்ற மோனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே டெஸ்ஸாவோட அம்மா? பாத்ததுமே தெரிஞ்சுடுச்சு. அதே தோள், அதே கழுத்து!"

மோனா திருத்தவில்லை.

ஒரு நொடிதான் இருக்கும். அதற்குள் டெஸ்ஸா, "ஐயோ இல்ல, இது மோனா சித்தி. அம்மா அதோ," என்று கை காட்டிவிட்டாள். மிசஸ் வின்ஸ்லோ திரும்பி, டெனிஸை மேலிருந்து கீழாகப் பார்த்து, "ஓ! சந்தோஷம்," என்றாள். ஆனால் அந்த ஒரு நொடி மோனா சிரித்துக்கொண்டு நின்றாள். டெனிஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

"வாங்க, வாங்க. ரிகடோனி எடுத்துக்கோங்க. நான் உள்ள போய் ஐஸ் கொண்டுவரேன்," என்று சொல்லிவிட்டு டெனிஸ் சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

ஐஸ் கூடத்திலேயே நிறைய இருந்தது.

*

கைப்பையைத் திறந்தாள். டிஷ்யூ தாளுக்குள் இரண்டு மாத்திரைகள். ஒன்றை எடுத்து மேடையில் வைத்தாள். இன்னொன்றை மறுபடி சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். குழாயில் தண்ணீர் பிடித்தாள்.

ஒரு மாத்திரையில் ஜிப் ஏறிவிடுமா? ஏறாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஆரம்பித்துவிட வேண்டும். மோனாவின் வீட்டுக்கு அடிக்கடி போகலாம். ஒல்லியாகிவிட்டால் பிரஷரும் தானே இறங்கும். டாக்டரிடம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். பொறாமைக்காரிக்குக் கணக்கு எப்போதும் தனக்குச் சாதகமாகவே வரும்.

கோபம் வந்தால் டெனிஸின் கை இனிப்பைத் தேடும். மேடையில் மோனாவின் பெட்டி ஒன்று திறக்காமல் இருந்தது. மூடியைத் தள்ளி ஒரு கொலாச்சியை எடுத்து வாயில் போட்டாள்.

மென்றாள். நிறுத்தினாள்.

விழுதில் எலுமிச்சைத் தோல் இல்லை. அம்மா அதில் துருவிப் போடாமல் இறக்கவே மாட்டாள். டெனிஸ் இன்னொன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மடிப்பு வழவழவென்று இருந்தது.

அம்மா மடித்து முடித்ததும் நடுவில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து அழுத்துவாள். சூட்டில் மடிப்பு விரிந்துவிடாமல் இருக்க. அந்தப் பள்ளம் வெந்த பிறகும் இருக்கும். சின்ன வயதில் அக்காவும் தங்கையும் அதில் தங்கள் விரலை வைத்து அளவு பார்ப்பார்கள். ஊரில் வேறு யாரும் அதைக் கவனித்ததுகூட இல்லை.

இந்தக் கொலாச்சியில் பள்ளம் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பெட்டி முழுக்க எதிலும் இல்லை. எல்லாம் ஒரே அளவு.

கடையில் வாங்கியது!

டெனிஸுக்குள் எழுந்த மகிழ்ச்சியை நான் மறைக்கப் போவதில்லை. வெயில் காலத்தில் ஐஸ் தண்ணீர் இறங்கினாற்போல இருந்தது. வெள்ளைக் கால்சட்டை, முத்து மாலைக்காரியின் கைகள், கால் மேல் கால், எல்லாவற்றுக்கும் ஒரே பதில். ஜாய்ஸிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். கடைப்பெட்டிக்காரி மோனா. ஆயுசுக்கும் போதும்.

கதவு திறந்தது. மோனா.

"டென்னி, அந்தம்மா தப்பா நெனச்சுட்டாங்க. நான்..."

மோனா நின்றுவிட்டாள். டெனிஸின் கையில் கொலாச்சி. மேடையில் தண்ணீர்க் கோப்பை. அதன் பக்கத்தில் மாத்திரை.

இருவரும் ஒருவர் குற்றத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யார் முதலில் வாயைத் திறப்பது?

"எந்தக் கடை?" என்றாள் டெனிஸ்.

"அது என் மாத்திரை."

"எந்தக் கடைடி?"

"போர்ட்மேன்ல. நெடுஞ்சாலை ஓரத்துல." மோனா கதவில் சாய்ந்துகொண்டாள். "எப்படிக் கண்டுபிடிச்ச?"

டெனிஸ் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மோனா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. தன் கைகளை நீட்டினாள். "இதுல இப்ப எறும்பு ஊறுது டென்னி. விரல் நுனி பூரா. மாவைத் தொட்டா மாவுன்னு தெரியல. மூணு தட்டு சுட்டேன். எல்லாம் அடுப்புல வாயைப் பொளந்துடுச்சு. குப்பைல கொட்டினேன்."

"எலுமிச்சைத் தோல்கூட..."

"எனக்கு எதுவுமே தெரியல. சோடா குடிச்சா தகரத்தை நக்கின மாதிரி இருக்கு. ரிகடோனி அட்டை. ஆப்ரிகாட் ஈர அட்டை. வார்த்தை வேற நாக்கு வரைக்கும் வந்துட்டு ஓடிடுது. ஏப்ரன்கூட மறந்து போச்சு பாத்தியா?"

"டாக்டர்கிட்டச் சொன்னியா?"

"சொன்னா நிறுத்திடுவாங்க."

"நிறுத்தட்டுமே! இதுக்கா இவ்வளவு பாடு?"

"நீ சொல்லுவ!" மோனாவின் குரல் திடீரென்று உயர்ந்தது. "சர்க்கரை கட்டுக்குள்ள வந்துடுச்சு. மாடிப்படி ஏறறேன். ராத்திரி மூச்சடைச்சு எழுந்துக்கறதில்ல. இதெல்லாம் சும்மாவா? நிறுத்தினா அத்தனையும் திரும்பி வரும். வெளிய நிக்கிற அவ்வளவு பேரும், 'பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்'ம்பாங்க. நீ முதல்ல சொல்லுவ."

டெனிஸ் சொல்லியிருப்பாள் என்பது உண்மைதான்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றாள் மோனா. "நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரின்னு நீதான் சொல்லிட்டிருப்ப. ஒரு நாளும் அப்படி இல்ல. ஊரு வாயில நீ, 'முகம் லட்சணமா இருக்கு, கொஞ்சம் பூசினாப்ல.' நான், 'டெனிஸோட குண்டுத் தங்கச்சி.' அந்தப் படங்கள்ல நீ உனக்கு முன்னாடி சித்தப்பாவ நிறுத்துவ. நான் உன் பின்னாடி நின்னேன். ஐம்பது வருஷம். இன்னிக்கு ஒருத்தி வந்து உன்னை விட்டுட்டு என் கையப் பிடிச்சா. ஒரு நிமிஷம் இருந்துட்டுப் போறேனேன்னு இருந்துச்சு."

"அதுக்கு என் பொண்ணுக்கு அம்மாவாகணுமா?"

"தப்புதான்." மோனா மூக்கை உறிஞ்சினாள். "ஆனா நீ ஈஸ்டர் அன்னிக்கு ஹாம் கறி சாப்பிட்ட பாரு. கண்ணை மூடிட்டு, விரலை நக்கிட்டு. வயிறு எரிஞ்சுது எனக்கு. எழுந்து உன் தட்டைப் பிடுங்கி எறியலாம் போல இருந்துச்சு."

டெனிஸ் கையிலிருந்த கொலாச்சியைப் பார்த்தாள். தன் தட்டைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்படுவாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

மோனா மேடையருகே வந்து மாத்திரையை எடுத்தாள். "உன் பிரஷருக்கு இதைப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா? அப்பா மாதிரி போகணுமா?"

"அதுக்காகத்தான் தடுக்கறியா?"

மோனா கொஞ்சம் யோசித்தாள். "பாதி அதுக்கு. பாதி, நீ ஒல்லியாயிட்டா நான் மறுபடி பின்னாடி போயிடுவேன்."

அவ்வளவு நேர்மையை டெனிஸ் எதிர்பார்க்கவில்லை. மோனா மாத்திரையைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"ஒண்ணுதானே எடுத்த?"

"ஒண்ணுதான்," என்றாள் டெனிஸ்.

"மோனா!" கூடத்திலிருந்து ஜாய்ஸின் குரல். "வெளிய வா! மிசஸ் வின்ஸ்லோ கொலாச்சி செஞ்ச கையைப் பாக்கணுமாம்!"

மோனாவின் முகத்தில் ஈயாடவில்லை. "சொல்லப் போறியா?"

டெனிஸ் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

*

குக்கீ மேசையைச் சுற்றிக் கூட்டம். மிசஸ் வின்ஸ்லோ ஒன்றைக் கடித்துக் கண்களை விரித்தாள். "இதுல என்ன சேர்த்திருக்கீங்க?"

மோனா வாயைத் திறந்தாள். "அது... இந்த... மஞ்சளா..." வார்த்தை வரவில்லை. கைகள் ஏப்ரனைப் பிசைந்தன.

ஜாய்ஸும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மெதுவாக மென்றாள். புருவம் சுருங்கியது. "மோனா, உங்கம்மா லில்லி செய்யறதுல எலுமிச்சைத் தோல் வருமே. இதுல காணோமே?" இன்னொன்றை எடுத்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். "ஒரே அளவா வேற..."

கூடம் அமைதியானது. புனித மார்த்தாவில் அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

டெனிஸுக்கு வேலையே இல்லை. சும்மா நின்றால் போதும். ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே எல்லாம் முடிந்துவிடும். அவள் மோனாவைப் பார்த்தாள். மோனா யாருக்குப் பின்னால் நிற்கலாம் என்று தேடுகிறவள் போல அரை அடி பின்னால் நகர்ந்தாள். அங்கே டெனிஸ்தான் இருந்தாள். பழைய படத்தில் நிற்பது போலவே இருவர் தோளும் இடித்தன.

"அது என் தப்பு ஜாய்ஸ்," என்றாள் டெனிஸ். "விழுது கிளறினது நான். தோலைப் போட மறந்துட்டேன். மடிச்சது மட்டும்தான் மோனா. ஒரே அளவா வெட்டினதும் நான்தான், ரேயோட அளவுகோலை வெச்சு."

"அளவுகோலா!" ஜாய்ஸ் தலையிலடித்துக்கொண்டாள். "கொலாச்சிக்கு எவளாவது அளவுகோல் வெப்பாளா? உனக்கு வால்நட் ரோலே போதும்டி. இதுல கை வைக்காதே!"

கூடம் கொல்லென்று சிரித்தது. டெனிஸும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அன்பினால் செய்தாளா என்று கேட்டால் கொஞ்சம் அன்புதான். இனி மோனா தன் முன்னால் கால் மேல் கால் போடும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளட்டும் என்பதும் கொஞ்சம் இருந்தது.

ஆனால் மிசஸ் வின்ஸ்லோ முடிக்கவில்லை. "எங்க பக்கத்து விருந்தாளிங்க எல்லாருக்கும் இது கிடைக்கணும். கல்யாணத்துக்கும் நீங்களே செய்வீங்களா மோனா? நடு மேசை முழுக்க?"

"செய்யுங்க சித்தி!" என்று டெஸ்ஸா கை தட்டினாள். "நடு மேசை உங்களுக்குத்தான். அம்மா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க. இல்லம்மா?"

மகளின் கல்யாணத்தில் நடு மேசை பெண்ணின் அம்மாவுக்கு. அது எழுதாத வழக்கம். டெனிஸ் மகளின் மலர்ந்த முகத்தைப் பார்த்தாள். "எனக்கென்ன இருக்கு?" என்றாள்.

*

வண்டி நிறுத்துமிடத்தில் தார் கொதித்தது. டெனிஸ் காலிப் பாத்திரங்களைக் காரில் ஏற்றிவிட்டு உட்கார்ந்தபோது, மோனா ஜன்னலருகே குனிந்தாள்.

"டென்னி, நான் என்ன பண்ணட்டும்? இந்தக் கையை வெச்சுட்டு நடு மேசை பூரா..."

"நான் சுடறேன். பேரு உனக்கு."

"நிஜமாவா?"

"என் வீட்டுச் சமையலறைல. ஜாய்ஸுக்குத் தெரியக் கூடாது. ஆனா ஒரு நிபந்தனை. திங்கக்கிழமை டாக்டர் ப்ரூவர்கிட்டப் போய் விரல், நாக்கு, மறதி, எல்லாத்தையும் சொல்ற. அளவைக் குறைக்கறாங்களோ, வேற மாத்திரை தராங்களோ, அது அவங்க பாடு. நீ மறைக்காதே."

மோனா தன் விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். "சரி," என்றாள் கடைசியில். பிறகு, "விழுதை யாரு ருசி பாக்கறது? என்னால முடியாதே."

"நான் பாக்கறேன்."

"அப்ப உன் நாக்குதான் ரெண்டு பேருக்கும்," என்றாள் மோனா. ஜன்னலுக்குள் கையை விட்டு அக்காவின் கன்னத்தைத் தொட்டாள். விரலுக்குத் தெரிந்ததோ இல்லையோ, கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. "பத்திரமா வெச்சுக்கோ டென்னி."

மோனா தன் காரை நோக்கி நடந்தாள். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை. வெயிலில், முதுகு நிமிர்ந்து, இருபது வயதுப் பெண் போல.

டெனிஸ் அவள் போவதையே பார்த்தாள். வீட்டு அலமாரியில் கத்தரிப்பூ நிற உடுப்பு தொங்குகிறது. அக்டோபரில் அதற்குள் நுழைந்து நடு மேசையருகே நின்று, தன் கொலாச்சிக்குத் தங்கை வாங்கும் பாராட்டைக் கேட்டுச் சிரிக்க வேண்டும்.

ஒரு கை சாவியைத் தேடிப் பைக்குள் போனது. சாவி கிடைத்தது. கை வெளியே வரவில்லை. டிஷ்யூ தாளின் மடிப்பு விரியாதபடி அவளுடைய கட்டைவிரல் அதை அழுத்திக்கொண்டிருந்தது.